வந்தவர் போன பிறகும் நடக்கும் பிரசவங்கள்

மலாவி நாட்டின் சிச்சேவா மொழியில் கர்ப்பத்தைப் 'பகாத்தி' என்கிறார்கள். நடு, இடை என்பது அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்பவள் பிள்ளைத்தாய்ச்சி என்று அதற்கு விளக்கம் சொல்வதுண்டு. பிரசவம் செத்துப் பிழைக்கிற காரியம் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு அது உடனே புரிந்துவிடும். அந்த நாட்டில் 2000ஆம் ஆண்டு நடந்த கணக்கெடுப்பின்படி ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 1,120 தாய்மார் இறந்தார்கள். 2004இல் அது 984 ஆனது. 2010இல் 675. 2015-16இல் 439. பதினைந்து ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கிய இந்தக் கணக்கு பெரிய சாதனைதான். ஆனாலும் 439 என்பது எந்த நாட்டிலும் யாரும் ஏற்றுக்கொள்ளக் கூடாத எண்.

உலக அளவில் 2023இல் மட்டும் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளொன்றுக்கு எழுநூறுக்கும் மேல். அதில் ஏறத்தாழ 70 விழுக்காடு சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில். உலகத்துக்கு இன்னும் 9 லட்சம் மருத்துவச்சிகள் தேவை என்று 2021இல் வெளிவந்த உலக மருத்துவச்சியர் நிலை அறிக்கை கணக்கிட்டது. மருத்துவச்சி என்றதும் கிராமத்துக் கைவைத்தியப் பாட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கட்டுரையில் அச்சொல் முறையாகப் படித்துப் பதிவு பெற்றவரையே குறிக்கிறது.

இந்தக் குறையைக் கண்டு மனம் கேளாமல் பிரிட்டனிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் மருத்துவச்சிகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். சிலர் மூன்று வாரத்துக்கு, சிலர் ஆறு மாதத்துக்கு, சிலர் இரண்டு ஆண்டுக்கு. கூலி வாங்காமல், அல்லது சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் போதுமான படி மட்டும் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். அவர்கள் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்கள் வருகையால் யாருக்கு என்ன கிடைக்கிறது, யார் எதை இழக்கிறார்கள் என்று பார்க்காமல் விடவும் முடியாது.

முதலில் அவர்கள் போய் நிற்கும் இடத்தைப் பார்ப்போம். மலாவியில் பிரசவத்துக்கு வரும் பெண் தன் மூட்டையோடு வருகிறாள். கட்டிலில் விரிக்கப் பிளாஸ்டிக் தாள் ஒன்று, தொப்புள்கொடி அறுக்கப் புது பிளேடு, அதைக் கட்ட நூல், துடைக்கவும் குழந்தையைச் சுற்றவும் 'சித்தெஞ்சே' எனும் வண்ணத் துணிகள் மூன்று நான்கு. உடன் தாயோ மாமியாரோ அக்காவோ வருகிறார். அவர் மருத்துவமனை வளாகத்தில் துணைவந்தவர்களுக்கான கொட்டகையில் தங்கி, விறகு மூட்டி மக்காச்சோளக் களி கிண்டி இவளுக்குக் கொண்டுவந்து தருவார். லேபர் வார்டுக்குள் கட்டில்கள் நெருக்கமாகக் கிடக்கின்றன. நடுவே திரை இருந்தால் உண்டு. இரவுப் பணிக்கு இரண்டு பேர் வந்துவிட்டால் அது நல்ல இரவு. ஒருத்தி ஒரு கட்டிலில் பிள்ளையை வாங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கட்டிலில் பனிக்குடம் உடைகிறது, மூன்றாவது கட்டிலில் இருப்பவளுக்கு வலிப்பு வருகிறது. மின்சாரம் போனால் கைபேசி வெளிச்சம். க்ளவுஸ் தீர்ந்துபோவதும் உண்டு, இரத்த வங்கியில் இரத்தம் இல்லாமல் போவதும் உண்டு.

கூட்டம் இவ்வளவு சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நாட்டு மருத்துவச்சிகள் வீட்டில் பிரசவம் பார்ப்பதை 2007இல் மலாவி அரசு தடுத்தது. 2012இல் அதிபரான ஜாய்ஸ் பண்டா, ஊர்த் தலைவர்களைக் கூட்டி, நிறைமாதப் பெண்களை முன்கூட்டியே மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னார். காத்திருப்பு இல்லங்கள் கட்டப்பட்டன. பெண்கள் வந்தார்கள். அவர்கள் வந்த அளவுக்கு வார்டுகளில் கைகள் கூடவில்லை.

இப்படிப்பட்ட வார்டில் வெளிநாட்டு மருத்துவச்சி ஒருத்தி போய் நின்றால் இரண்டு கைகள் கூடுகின்றன என்றுதான் முதலில் தோன்றும். முதல் மாதத்தில் அப்படி நடப்பதில்லை. அவளுக்கு மொழி தெரியாது. முக்கு என்று சொல்லவும் மூச்சைப் பிடி என்று சொல்லவும் இன்னொருத்தி வேண்டும். மருந்து எந்த அலமாரியில், சாவி யாரிடம், அறுவைச் சிகிச்சைக்கு யாரை எழுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் பாதி நேரம் இவளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பார். மூன்று வாரத்தில் திரும்பிப் போகிறவள் கற்றுக்கொண்ட அன்றே விமானம் ஏறுகிறாள் என்பதுதான் கணக்கு.

தொழிலறிவிலும் இடைவெளி உண்டு, அது பலரும் நினைப்பதற்கு எதிர்த்திசையில். பணக்கார நாட்டு மருத்துவமனையில் குழந்தையின் இதயத் துடிப்பை இயந்திரம் தாளில் கோடு போட்டுக் காட்டுகிறது. இங்கே பினார்டு குழல்தான். அடோல்ஃப் பினார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் 1895இல் வடிவமைத்த, ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த மரக் கருவி. அகன்ற வாயை வயிற்றில் வைத்து மறுமுனையில் காதை அழுத்த வேண்டும். கையைக் குழலிலிருந்து எடுத்துவிட வேண்டும், விரல் உராயும் ஒலிகூடத் துடிப்பை மறைத்துவிடும். குனிந்தபடி, மூச்சை அடக்கி, சுற்றி நடக்கும் அலறல்களுக்கு நடுவே ஒரு நிமிடம் எண்ண வேண்டும். குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று கையால் தடவித் தெரிந்தால்தான் குழலை எங்கே வைப்பது என்றே தெரியும். மலாவியில் பட்டயம் முடித்து இரண்டு ஆண்டான பெண்ணுக்கு இது கைவந்த கலை. கால் முதலில் வரும் பிள்ளை, ஜன்னி கண்டு வந்தவள், கருப்பை கிழிந்து வந்தவள் என ஐரோப்பிய மருத்துவச்சி தன் பணிக்காலம் முழுவதும் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் காண்பவற்றை இவள் ஒரே மாதத்தில் கண்டிருப்பாள்.

கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்போடு போகிறவர்கள் மகப்பேறு மருத்துவத்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பது நல்லது. பிரசவ வலியின் போக்கை வரைபடமாக்கும் பார்டோகிராஃப் இன்று உலகெங்கும் பாடமாக இருக்கிறது. அதில் எச்சரிக்கைக் கோடும் நடவடிக்கைக் கோடும் வந்து சேர்ந்தது 1972இல், அப்போதைய ரொடீசியாவில். சுற்றுப்புறச் சிறு மருத்துவமனைகளில் தனியாக இருக்கும் மருத்துவச்சி, இந்தப் பெண்ணை இனி வைத்துக்கொள்ளக் கூடாது, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று தானே முடிவெடுப்பதற்காக ஃபில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள் அதை வகுத்தார்கள். குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு கட்டி வைக்கும் கங்காரு முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையில் பிறந்தது. பிரசவத்துக்குப் பின் நிற்காத உதிரப்போக்கை, ஆணுறையை ரப்பர் குழாயில் கட்டிக் கருப்பைக்குள் செலுத்தி உப்புநீரால் நிரப்பி அடைக்கும் வழியைக் கண்டவர் டாக்காவின் மகப்பேறு மருத்துவர் சாயிபா அக்தர். விலையுயர்ந்த பலூன் கருவி செய்யும் வேலையைச் சில ரூபாயில் செய்து காட்டிய அவருடைய முறை 2003இல் அச்சேறியது. இல்லாமையின் நடுவே வேலை செய்தவர்களின் மூளையிலிருந்து வந்தவை இவை.

அண்மைக் காலத்தின் பெரிய முன்னேற்றம் ஒன்றும் இப்படிப்பட்ட வார்டுகளில்தான் மெய்ப்பிக்கப்பட்டது. உதிரப்போக்கில் இறப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், எவ்வளவு இரத்தம் போனது என்று கண்ணால் மதிப்பிடுவது. கண் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பையைப் பிரசவித்தவளின் இடுப்புக்குக் கீழே விரித்து, குறிப்பிட்ட கோட்டைத் தொட்டதும் வயிற்றை அமுக்கித் தேய்ப்பது, ஆக்சிடோசின், டிரனெக்சமிக் அமிலம், ட்ரிப், உள்ளே பரிசோதனை என அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரத் தொடங்குவது என்ற முறையைக் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் சோதித்தார்கள். எண்பது மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். கடும் உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன என்று 2023இல் முடிவு வெளியானது. அந்தப் பையை விரித்து, கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்த நாட்டு மருத்துவச்சிகள்.

அதே நோய்க்கான ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரி வெப்பத்துக்குள் வைத்திருக்க வேண்டும். குளிர்பெட்டி நின்றுபோன மருத்துவமனையில் ஊசி போட்டும் இரத்தம் நிற்காமல் போவதற்கு மருந்து வீரியம் இழந்திருப்பதும் ஒரு காரணமாகலாம். வெப்பத்தைத் தாங்கும் கார்பெட்டோசின் அதற்கு இணையாகக் காக்கிறது என்பதைப் பத்து நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் காட்டியது. தன்னார்வலர் ஒருவர் விடுமுறையில் கொண்டுவரும் ஒரு பெட்டி க்ளவுஸைவிட, குளிர்பெட்டியின் வெப்பமானியை நாள் தவறாமல் பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கம் ஒரு வார்டுக்கு அதிகம் தரும் என்று நான் நம்புகிறேன்.

தீங்கு எங்கே வருகிறது? பெரும்பாலும் இன்னும் படிப்பு முடிக்காதவர்களிடமிருந்து. சொந்த நாட்டில் மேற்பார்வை இல்லாமல் தொடக்கூட அனுமதிக்கப்படாத மாணவி, இங்கே ஆளில்லாத வார்டில் தனியாகப் பிள்ளை எடுக்கிறாள். பணம் கட்டினால் பிரசவம் பார்க்கலாம் என்று கூவி அழைக்கும் பயண ஏற்பாட்டாளர்களும் இருக்கிறார்கள். அந்தக் கட்டிலில் கிடப்பவளுக்கு, தன்னைத் தொடுபவள் படித்து முடித்தவளா இல்லையா என்று தெரியாது. கேட்கவும் முடியாது. வெள்ளை உடுப்பு போட்டு வருகிறவள் தேர்ந்தவளாகத்தான் இருப்பாள் என்று நம்பிவிடுகிறாள். அந்த நம்பிக்கையைப் பயிற்சிப் பலகையாக்குவதை எந்த நல்லெண்ணமும் நியாயப்படுத்தாது. உன் நாட்டில் உனக்கு உரிமையில்லாத எதையும் இங்கே செய்யாதே என்ற ஒரே விதியைக் கடைப்பிடித்தாலே பாதித் தீங்கு போய்விடும்.

தேர்ந்தவர்களுக்கு வேறொரு சோதனை காத்திருக்கிறது. வலியில் காலை ஒடுக்கும் பெண்ணின் தொடையில் அடி விழுவதைப் பார்ப்பார்கள். கத்தாதே என்ற அதட்டலைக் கேட்பார்கள். பிரசவ அறை அவமதிப்புகளைக் கண்டித்து உலக சுகாதார நிறுவனம் 2014இல் அறிக்கையே விட்டது. நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற அம்மாக்களைக் கேட்டால் அவர்களும் ஒன்றிரண்டு கதை சொல்வார்கள். வந்தவள் அந்த இடத்திலேயே சகப் பணியாளரைக் கடிந்துகொண்டால் நாளை முதல் அவளோடு யாரும் பேச மாட்டார்கள். பேசாமல் இருந்தாலும் அவள் உடந்தை. அடித்தவள் பதினான்கு மணி நேரமாக நிற்கிறாள், நேற்று அவள் கையில் ஒரு தாய் இறந்திருக்கலாம், பிள்ளை இறந்து பிறந்தால் பழி தன்மேல் விழும் என்ற அச்சத்தில் அடித்திருக்கலாம். அடிப்பதற்கு இதெல்லாம் காரணம்தான், நியாயம் ஆகாது. அடுத்த கட்டிலில் இருப்பவளின் இடுப்பைத் தான் தேய்த்துவிட்டு, கையைப் பிடித்து, மெல்லப் பேசிப் பிள்ளையை வாங்கிக் காட்டுவதுதான் அங்கே எடுபடும் கண்டனம் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் மூன்று வாரம் போதாது.

இந்தப் பேச்சில் பலரும் தொடாமல் விடும் பெரிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு பக்கம் பணக்கார நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் ஏழை நாடுகளுக்குப் போகிறார்கள். மறுபக்கம் ஏழை நாடுகள் தங்கள் காசில் படிக்கவைத்த செவிலியர்களும் மருத்துவச்சிகளும் அதே பணக்கார நாடுகளின் மருத்துவமனைகளுக்குச் சம்பளத்துக்குப் போகிறார்கள். ஆட்பற்றாக்குறை உள்ள நாடுகளிலிருந்து வலிந்து ஆள் எடுக்கக் கூடாது என்று 2010இல் உலக சுகாதார நிறுவனத்தின் நடத்தை நெறி வந்தது. 2023இல் அப்படிப் பாதுகாக்கப்பட வேண்டிய 55 நாடுகளின் பட்டியலும் வந்தது. மலாவி, எத்தியோப்பியா, தெற்கு சூடான், சியரா லியோன் எல்லாம் அதில் உண்டு. நெறிக்குச் சட்ட வலு இல்லை. போகிறவளைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை, அவளுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. ஆனால் பத்து பேரை நிரந்தரமாக எடுத்துக்கொண்டு ஒருத்தியை மூன்று மாதத்துக்கு அனுப்பும் நாடு அதை உதவி என்று சொல்வது தகாது.

தன்னார்வலர்களைச் சரியான இடத்தில் வைத்த முயற்சி ஒன்றும் மலாவியிலேயே இருக்கிறது. 2004இல், செவிலியர் பணியிடங்களில் பாதிக்கும் மேல் காலியாகக் கிடந்த நிலையில், பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளின் பணத்தோடு அரசு ஓர் அவசர மனிதவளத் திட்டம் தொடங்கியது. உள்ளூர்ப் பணியாளர்களின் சம்பளத்தின் மேல் 52 விழுக்காடு கூட்டிக் கொடுத்தார்கள். பயிற்சிக் கல்லூரிகளில் இடங்களைப் பெருக்கினார்கள். உள்ளூர் ஆட்கள் படித்து வெளியே வரும்வரை இடைவெளியை அடைக்க மட்டும் வெளிநாட்டுத் தன்னார்வ மருத்துவர்களையும் செவிலியர் பயிற்சி ஆசிரியர்களையும் அழைத்தார்கள். ஐந்தாண்டில் நாட்டின் மருத்துவப் பணியாளர் எண்ணிக்கை பாதிக்கும் மேல் உயர்ந்தது. தன்னார்வலர் அங்கே முட்டுக்கொடுத்த கம்பு, தளம் காய்ந்ததும் எடுத்துவிடுவது என்று தொடக்கத்திலேயே பேசி முடிவானது.

எல்லாத் தன்னார்வலர்களும் வெள்ளைக்காரர்கள் என்ற படமும் தவறு. தெற்கு சூடான் விடுதலையடைந்த 2011ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நாட்டில் பதிவு பெற்ற மருத்துவச்சிகள் பத்துப் பேர்கூட இல்லை. ஐக்கிய நாடுகளின் தன்னார்வலர் திட்டத்தில் அங்கே போய் வார்டுகளிலும் பள்ளிகளிலும் நின்றவர்களில் கென்யாவையும் உகாண்டாவையும் போன்ற அண்டை நாட்டுப் பெண்கள் உண்டு. குளிர்பெட்டி நின்றுபோன வார்டு அவர்களுக்குப் புதிதல்ல. இன்னொரு வகை இணையர் முறை. பிரிட்டனின் அரச மருத்துவச்சியர் கல்லூரி 2012 முதல் 2015 வரை நேபாளம், கம்போடியா, உகாண்டா மருத்துவச்சியர் சங்கங்களோடு சேர்ந்து, தன் உறுப்பினர்களைக் குறுகிய காலத்துக்கு அனுப்பியது. சங்கங்களை வலுப்படுத்துவதே அங்கே முதல் வேலை. குறுகிய வருகைக்குப் பொருத்தமான வேலை அதுதான் என்பது என் கருத்து.

போரும் பேரிடரும் வேறு கணக்கு. அங்கே காத்திருக்க நேரமில்லை. இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் பருத்தித்துறை மருத்துவமனையில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் வேலை செய்ததை வடமராட்சியில் இன்றும் நன்றியோடு நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அங்கும் வெளியிலிருந்து வருவது எப்போது வேண்டுமானாலும் போய்விடக் கூடியது. காபூலின் தஷ்தே பர்ச்சி பகுதியில் அதே அமைப்பு நடத்திய பிரசவ விடுதியில் 2019இல் மட்டும் சுமார் 16,000 பிள்ளைகள் பிறந்தன. 2020 மே 12ஆம் தேதி துப்பாக்கியோடு நுழைந்தவர்கள் 24 பேரைக் கொன்றார்கள். அதில் 16 பேர் தாய்மார், ஒருவர் ஆப்கன் மருத்துவச்சி. அடுத்த மாதம் அமைப்பு அங்கிருந்து வெளியேறியது. அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பகுதிப் பெண்களுக்கு வெளியேற இடமில்லை. 2024 டிசம்பரில் பெண்கள் மருத்துவச்சிப் படிப்பு படிப்பதையும் தாலிபான் நிறுத்திவிட்டது. இனி அங்கே எத்தனை தன்னார்வலர் போனாலும் பத்தாண்டு கழித்துப் பிள்ளை எடுக்க ஆள் எங்கிருந்து வருவார்?

இந்தக் கேள்விக்கு நம் மண்ணிலேயே பழைய விடை ஒன்று இருக்கிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார், பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைப் பார்க்க அமெரிக்க இளம்பெண் ஐடா ஸ்கடரை அழைக்க வந்தார்கள். மருத்துவரான அவர் தந்தை ஆண் என்பதால் அவரை வேண்டாம் என்றார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா போய் மருத்துவம் படித்துவிட்டு 1900இல் வேலூருக்குத் திரும்பினார். அவர் கையால் காப்பாற்றிய உயிர்கள் ஆயிரமாயிரம் இருக்கும். ஆனால் 1909இல் தொடங்கிய செவிலியர் பயிற்சியும் 1918இல் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளியும் அவர் போன பிறகும் உயிர்களைக் காத்துக்கொண்டிருக்கின்றன. மூன்று பேர் இறந்த இரவுக்கு அவர் கண்ட விடை, இந்த ஊர்ப் பெண்களையே படிக்கவைப்பது.

போக நினைக்கும் ஒரு மருத்துவச்சி என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். மருத்துவமனையோ அந்நாட்டு மருத்துவச்சியர் சங்கமோ உன்னைக் கேட்டு எழுதியிருக்கிறதா என்று பார். ஆறு மாதத்துக்குக் குறைவென்றால் வார்டுக்குப் போகாதே, அழைத்தால் பயிற்சி வகுப்புக்குப் போ. அந்நாட்டுப் பதிவை வாங்கிக்கொள். முதல் மாதம் அங்குள்ள மூத்தவளின் கீழ் நின்று பினார்டு குழலையும் மொழியையும் கற்றுக்கொள். பிரசவ ரெஜிஸ்டரில் பிள்ளை எடுத்தவர் பெயர் எழுதும் கட்டத்தில் நாள் செல்லச் செல்ல உன் பெயர் குறைந்துகொண்டு வரட்டும்.

கேதரின் ஹாம்லினின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவரான அவரும் கணவர் ரெஜினால்டும் 1959இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவுக்கு வந்தது மூன்றாண்டு ஒப்பந்தத்தில், அங்கே ஒரு மருத்துவச்சிப் பள்ளி தொடங்குவதற்காக. பத்துப் பேர் அளவில் பயிற்சி பெற்றதும் பணமில்லை என்று பள்ளி மூடப்பட்டது. மருத்துவச்சி இல்லாத மலைக் கிராமங்களிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். நாலு நாள், ஐந்து நாள் வலியில் கிடந்து, குழந்தையின் தலை அழுத்திச் சிறுநீர்ப்பைத் தசை அழுகி ஓட்டை விழுந்து, ஓயாமல் ஒழுகும் சிறுநீரோடு, நாற்றம் என்று கணவனும் ஊரும் விரட்டிய பெண்கள். அவர்களுக்காக 1974இல் ஒரு மருத்துவமனை எழுந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் உடல் அங்கே தைத்துச் சரியாக்கப்பட்டது. ஒரு மருத்துவச்சி உரிய நேரத்தில் பக்கத்தில் இருந்திருந்தால் அவர்களில் எவரும் அங்கே வந்திருக்க வேண்டியதில்லை என்பது கேதரினுக்குத் தெரியும். 2007இல், தம் எண்பத்து மூன்றாம் வயதில், 48 ஆண்டுகளுக்கு முன் வந்த வேலைக்கே அவர் திரும்பினார். ஹாம்லின் மருத்துவச்சியர் கல்லூரி திறக்கப்பட்டது. நாட்டுப்புறத்திலிருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து நான்காண்டு படிக்கவைத்து, அவரவர் வட்டாரத்துக்கே திருப்பி அனுப்புகிறார்கள். 2020இல் கேதரின் இறந்தபோது, முக்கு என்றும் மூச்சைப் பிடி என்றும் அந்தந்த ஊர்ப் பேச்சில் சொல்லத் தெரிந்த பெண்கள் அந்த மலைகளில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.